கரண்டி என்று விட்டிருக்கலாம்

போன மாதம் உங்கள் ஸ்டுடியோவில் பேசக் கூப்பிட்டீர்கள். நான் பாதியில் எழுந்து போய்விட்டேன். கிழவிக்குத் திமிர் என்று பேசிக்கொண்டீர்களாம். திமிர் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுந்து போனதற்குக் காரணம் வேறு. அதை எழுதுகிறேன். எழுதினால் நடுவில் யாரும் கேள்வி கேட்க முடியாது.

உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேசினால் புரியும், வாசிக்க வராது. உங்களில் சுமதிக்கு வாசிக்க வரும், அவள் உரக்க வாசிக்கட்டும். புரியாத இடத்தில் பர்மியத்தில் சொல்லட்டும். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டிய காலத்துக் கதை உங்களுக்கு எதற்கு என்று நினைக்கலாம். வெட்டுவது ஒட்டுவது பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது இப்போது ஒரு விரல் அசைவு. நான் சொல்வது வாயைப் பற்றி.

நீங்கள் எடுப்பது உளவாளித் தொடர். அதற்கு அறுபதுகளின் கிட்டார் சத்தம் வேண்டும் என்றீர்கள். யாரோ இணையத்தில் ஏற்றிய பழைய பர்மியப் படத்துண்டு ஒன்றைப் போட்டுக் காட்டினீர்கள். கறுப்புக் கண்ணாடி போட்டவன் துறைமுகக் கிடங்கில் பதுங்கிப் போகிறான், பின்னால் இரண்டு நிமிடம் கிட்டார். அந்தப் படத்துக்குச் சத்தம் வெட்டி ஒட்டியவள் நான்தான். உங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சுமதி கேட்டாள்: "இத வாசிச்சது யாரு ஆன்ட்டி? டைட்டில்ல பேரே இல்லையே. நாங்க அவரு பேர மொதல்ல போடப்போறோம். பழைய பாட்டு சேக்குற ஆளுங்க வெளிநாட்டுல இருந்துகூட கேக்குறாங்க. பேரச் சொல்லுங்க."

நான் எழுந்தது அப்போதுதான்.

அந்தப் பெயரை நான் ஒரு முறை சொல்லியிருக்கிறேன். கேட்டவர் உன்னைவிட மரியாதையாகக் கேட்டார், சுமதி. நான் சொன்ன பதிலில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதற்காக அந்த மனிதர் இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

அறுபதுகள் முடிந்த சமயம், இதே ரங்கூனில். பெண் பிள்ளைக்குக் கை சுத்தமாக வெட்டும் என்று என்னை ஒலி அறையில் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. அந்த அறையின் தலைவர் ஒரு பர்மியர். சயா என்போம், அதாவது ஆசான். இங்கே டாக்டரும் சயா, பஸ் மெக்கானிக்கும் சயா. அதிகம் பேசமாட்டார். வெற்றிலை வாயில் இருக்கும், பதில் தலையசைப்பில் இருக்கும். நாங்கள் பேசியதெல்லாம் பர்மியத்தில். நான் தமிழில் எழுதுகிறேன்.

அப்போது எல்லா இயக்குநர்களுக்கும் உளவாளிப் படம் என்றால் பைத்தியம். வெளிநாட்டுப் படம் ஒன்றிரண்டு கொட்டகைக்கு வந்திருந்தது. சூட் போட்டவன், கார், பெண், துப்பாக்கி. எல்லாவற்றுக்கும் பின்னால் தடித்த கம்பியில் ஒரு கிட்டார். எங்கள் இயக்குநர்களிடம் கார் இல்லை, சூட் வாடகைக்கு. அந்தச் சத்தம் மட்டும் கிடைத்துவிட்டால் மீதியை ஜனங்கள் நம்பிவிடுவார்கள் என்று நினைத்தார்கள். நினைத்தது சரிதான்.

கிட்டார் குழுவுக்கும் உளவாளிப் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று ஒரு தம்பி கேட்டான். இரண்டும் ஒரே கப்பலில் வந்தவை. வெளிநாட்டில் நாலு பையன்கள் கிட்டாரும் டிரம்மும் வைத்துக்கொண்டு உலகத்தைக் கலக்கினார்கள். படக்காரர்கள் அதே சத்தத்தை எடுத்து உளவாளிக்குப் போட்டார்கள். நூறு பேர் வாத்தியக்குழு வைத்தால் ராஜா கதை மாதிரி இருக்கும். ஒரு கிட்டார் என்றால் ஒரு ஆள் தனியாகப் போகிற மாதிரி இருக்கும். பிறகு அந்தப் பையன்களே உளவாளிப் படத்து இசையை மேடையில் வாசித்தார்கள், உளவாளியைக் கேலி செய்து படத்தில் நடித்தார்கள். யார் யாரிடம் எடுத்தது என்று அவர்களுக்கே தெரியாது. எங்களுக்கு எப்படித் தெரியும்? இங்கே இசைத்தட்டு இறக்குமதி நின்றுபோயிருந்தது. கப்பலில் வேலை பார்த்தவன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தால்தான் உண்டு. அந்த மாதிரி இசைக்கே இங்கே ஸ்டீரியோ என்றுதான் பெயர். ஸ்டீரியோ வாசிக்கிறவனை மேலே இருந்த ராணுவக்காரர்களுக்குப் பிடிக்காது. முடியை வெட்டு என்பார்கள்.

என் முதல் தப்பு அந்த இசைத்தட்டில்தான். சயா ஊரில் இல்லாத வாரம், ஒரு உளவாளிப் படத்தின் கொலைக் காட்சிக்கு நானே சத்தம் ஒட்டினேன். கப்பல்காரர் ஒருவர் கொடுத்த தட்டிலிருந்து ஒரு கிட்டார் துண்டை அப்படியே போட்டேன். கேட்க நன்றாக இருந்தது. சயாவும் வந்து தலையசைத்தார். ஆனால் அந்த மெட்டுக்கு யாரோ பர்மிய வார்த்தை போட்டு, ரங்கூனில் பாதிக் கல்யாணத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. கொட்டகையில் படம் ஓடுகிறது. கொலைகாரன் கத்தியோடு படி ஏறுகிறான். பின்வரிசை மொத்தமும் காதல் பாட்டுப் பாடுகிறது. ஒருவன் விசிலடிக்கிறான். கொலை செய்யப்பட்டவன் விழுந்தபோது கைதட்டல்.

நான் எழுந்து வெளியே ஓடப் பார்த்தேன். சயா என் முழங்கையைப் பிடித்தார்.

"உக்காரு. கடைசி வரைக்கும் கேளு."

"வெக்கமா இருக்கு சயா."

"எனக்கும்தான். நம்ம காது மட்டும் கேட்டாப் போதும்னு நெனச்சோம்ல. உக்காரு."

உங்களுக்கும் அதேதான் சொல்கிறேன். உங்கள் சத்தத்தை உங்களுக்கு முன்னால் வேறு யார் வேறு எங்கே கேட்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் அதை வெளியே விடாதீர்கள். எனக்கு இது மெட்டு விஷயத்தில் மட்டும் புரிந்தது. அதுதான் கேடு.

அதற்குப் பிறகு சயா ஒரு முடிவு எடுத்தார். தட்டு வேண்டாம், யாருமே கேட்டிராத மெட்டு வேண்டும், ஆளைக் கூப்பிட்டு வாசிக்க வைப்போம். அப்படி வந்தவர்தான் நீங்கள் பெயர் கேட்கும் ஆள். தமிழர். ஊரின் ஓரத்தில் தாகேதாவில் வீடு. பகலில் ஒரு பட்டறையில் வேலை. என்னைவிட ஐந்து வயது பெரியவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அண்ணன் எங்கும் படித்துக் கற்றுக்கொண்டவர் இல்லை. மாலையில் சிற்றலை ரேடியோவைத் திருகித் திருகி வெளிநாட்டு நிலையத்தில் கிட்டார் பாட்டு வரும்போது மைக்கை ரேடியோ முன்னால் வைத்து டேப்பில் பிடிப்பார். முன்னும் பின்னும் எல்லாம் இரைச்சல். நடுவில் பாட்டு. அதை நூறு தடவை ஓட்டிக் கேட்டு விரலுக்குக் கொண்டுவருவார். ஊரில் ஸ்டீரியோ வாசித்த எல்லோருக்கும் அதுதான் பள்ளிக்கூடம். அவர் பிடித்த பாட்டுக்குள் அவர் மனைவியின் இருமல்கூட இருக்கும். அந்த அக்கா, "எம் பொண்டாட்டியும் பாடிருக்கான்னு ஊரெல்லாம் சொல்லுறாரு" என்று சிரிப்பார்.

ஒலி அறை என்பது அரிசிச் சாக்கு அடித்த சுவர். அண்ணன் உட்கார்ந்து, அக்காவின் கைக்குட்டையைக் கம்பிகளுக்குக் கீழே செருகினார். தடித்த கம்பியை மட்டும் தொட்டார். திரையில் படம் ஓடியது. கிடங்கில் போகிறவன் ஓர் இடத்தில் நின்று திரும்பிப் பார்ப்பான். அந்த இடத்தில் அண்ணன் கையை எடுத்துவிட்டார். தவறவிட்டுவிட்டார் என்று நான் நினைத்தேன்.

"அண்ணே, அந்த எடத்துல நின்னு போச்சு."

"நிக்கல. நிறுத்துனேன். அவன் திரும்பிப் பாக்குறான்ல?"

"ஆமா."

"அப்ப நான் வாசிச்சா அவனுக்கு எப்பிடிக் கேக்கும், பின்னால வர்றவன் காலடி? அவன் கேக்கட்டும்."

சயா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து அவர் தோளைத் தட்டினார். அந்த அறையில் சயா ஒருவரைத் தட்டிக்கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். எங்களுக்கு வந்த டேப் தீர்ந்துபோயிருந்தது. அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் தன் வீட்டு டேப் ஸ்பூல் ஒன்றைக் கொண்டுவந்து, "இதுல எடுத்துக்குங்க" என்று கொடுத்தார். அவர் வாசித்தது அதில்தான் பதிவானது. முன்பகுதியில் அவர் கிட்டார். பின்பகுதியில் அவர் ரேடியோவில் பிடித்த பழைய பாட்டுகள் அழியாமல் கிடந்தன.

படத்தில் எதிரி ஒருவன் மேல்மாடியில் உட்கார்ந்து தந்தி அனுப்பும் காட்சி உண்டு. அதற்கு மோர்ஸ் சத்தம் வேண்டும். சயா அதற்கு வைத்திருந்த வழி ஒரு தேநீர்க் கரண்டி. எனாமல் குவளையின் விளிம்பில் தட்டுவார். டிங், டிங் என்று இருக்கும். எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஏதோ கடையில் டீ ஆற்றுகிற மாதிரி இருக்கிறது என்று மனதுக்குள் திட்டுவேன். அண்ணனின் ஸ்பூலை நான் ஓட்டிக்கொண்டிருந்தபோது கடைசியில், இரண்டு பாட்டுக்கு நடுவில், ரேடியோவில் குறுக்கே வந்து விழுந்த மோர்ஸ் கேட்டது. பீப் பீப்பென்று கூர்மையாக, நாற்பது வினாடி. அசல் சத்தம். வெட்டினேன். ஒட்டினேன். காட்சி உயிர் பெற்றுவிட்டது.

சயா கேட்டார். வழக்கம்போலத் தலையசைக்கவில்லை. "எங்க எடுத்த?" என்றார்.

"அண்ணன் டேப்ல இருந்துச்சு சயா."

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "கரண்டியே போதும்" என்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் படத்தைப் பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள், மாற்ற நேரம் இல்லை. அப்படியே போனது. நேரம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் போதும். நான் நேரம் இல்லை என்றேன்.

எந்தப் படமும் கொட்டகைக்குப் போகுமுன் அந்த அதிகாரிகள் பார்த்து அனுமதிக்க வேண்டும். சின்ன ஹால், மர நாற்காலி, தேநீர், உப்பு பிஸ்கோத்து. ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் சீருடை இல்லாமல் வெள்ளைச் சட்டையும் கட்டம் போட்ட லுங்கியுமாக இருந்தார். பக்கத்து வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். படத்தைவிட ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிட்டார் வந்தது. அவர் பிஸ்கோத்து தின்றுகொண்டிருந்தார். தந்திக் காட்சி வந்தது. தின்பதை நிறுத்தினார். நாற்காலிக் கையில் அவர் விரல் தட்ட ஆரம்பித்தது. பீப்புக்குச் சரியாக, பிசகாமல்.

என் சத்தத்துக்கு ஒருவர் தாளம் போடுகிறார் என்று பூரித்துப்போனேன்.

இதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது. கிட்டாருக்குத் தாளம் போடாதவர், மெட்டே இல்லாத பீப்புக்கு ஏன் போடுவார்? சத்தத்தில் வேலை செய்கிறவளுக்கு இது தோன்ற வேண்டாமா? அவர் தாளம் போடவில்லை. அந்தத் தந்தியை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்.

விளக்கு போட்டதும் எங்களிடம் வந்தார். சிரித்த முகம்.

"அந்தத் தந்திச் சத்தம் ரொம்ப நல்லா இருக்கு. எப்பிடிப் பண்ணுனீங்க?"

சயா உடனே சொன்னார். யோசிக்கவே இல்லை. "கரண்டிங்க. டீக்கரண்டி. குவளையில தட்டுறது. ரொம்ப நாளா அப்பிடித்தான்."

"கரண்டியா?" என்று அவர் என்னைப் பார்த்தார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒன்றும் சொல்லியிருக்க வேண்டாம். தலையை ஆட்டினால் போதும். எனக்கு எரிச்சல் வந்தது. நான் தேடிப் பிடித்த சத்தம், என் வேலை, அதைப் போய்க் கரண்டி என்கிறாரே இந்த மனுஷன் என்று. சயா தன் பெயரைப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார் என்றே நினைத்தேன்.

"இல்ல சயா, கரண்டி இல்லியே," என்றேன். "அது நெஜ மோர்ஸ். டேப்புல இருந்து நான் வெட்டுனது."

"அப்பிடியா? நீ கெட்டிக்காரியா இருக்க. யாரு டேப்பு தங்கச்சி?"

சொன்னேன். பெயரைச் சொன்னேன். தாகேதாவில் எந்த வார்டு என்றும் சொன்னேன். கேட்டிருந்தால் எந்த பஸ் போகும் என்றும் சொல்லியிருப்பேன். சயா என் பக்கம் திரும்பவே இல்லை. மேஜையில் இருந்த பிஸ்கோத்துத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சயாவின் பொய்யை அந்த ஆள் நம்பியிருப்பாரா? எனக்குத் தெரியாது. நம்பியிருக்க மாட்டார் என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அந்தப் பொய் நடுவில் நின்றிருந்தால் ஒரு நாள் கிடைத்திருக்கும். ஒரு நாளில் தாகேதாவுக்கு ஆள் அனுப்பலாம். ஒரு நாளில் டேப்பை எரிக்கலாம். ஒரு மனிதன் ஊர் மாறலாம். உண்மையைச் சொல்லி அந்த ஒரு நாளை நான் பிடுங்கிக்கொண்டேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. கெட்டிக்காரி என்றார், அவ்வளவுதான்.

ரகசியத் தந்தி பிடித்து வைத்திருக்கிறான் என்று மறுநாள் காலை அண்ணனைப் பட்டறை வாசலிலேயே கூட்டிப் போனார்கள். ரேடியோவையும் ஸ்பூல் எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள். எங்கள் ஒலி அறைக்கும் வந்தார்கள். கிட்டாரை ஏற்கெனவே படத்தில் ஏற்றிவிட்டதால் அது தப்பியது.

நாலாம் நாள் அக்கா ஒலி அறைக்கு வந்தார். கையில் சாப்பாட்டு அடுக்கு. அண்ணனைப் பார்க்க விடவில்லை, சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருந்தார்.

"நீதான் சொன்னியா லெச்சுமி?"

"கேட்டாங்க அக்கா."

"கேட்டா சொல்லிருவியா?"

"அவங்க சும்மாதான் கேக்குறாங்கன்னு..."

"சும்மா கேக்குறவங்களுக்கு வார்டு நம்பரு எதுக்குடி?"

 அக்கா சாப்பாட்டு அடுக்கை என் மேஜையில் வைத்தார். "கெட்டுப்போயிரும். நீ தின்னு" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபத்தில் சொன்னாரா, சோறு வீணாகக் கூடாது என்று சொன்னாரா, தெரியாது. நான் தின்றேன். சயா பார்த்துக்கொண்டே இருந்தார், சாப்பிடாதே என்று சொல்லவில்லை.

படத்தை நிறுத்தவில்லை. பீப்பை மட்டும் எடுக்கச் சொன்னார்கள். சயா கரண்டியையும் குவளையையும் என் முன்னால் வைத்தார்.

"நாப்பது வினாடி. தட்டு."

தட்டினேன். நிறுத்தச் சொன்னார்.

"ஒரே மாதிரி தட்டாத. தாளமா வருது. ஆனா எழுத்தும் வந்துரக் கூடாது."

"எது எழுத்து, எது எழுத்து இல்லன்னு எனக்கு எப்பிடித் தெரியும் சயா?"

"தெரியாதுல்ல? அதத்தான் சொல்றேன்."

அன்று பகல் முழுக்கத் தட்டினேன். ஒவ்வொரு தட்டலுக்கும் பயம். குட்டையும் நெட்டையுமாக இதில் யார் பெயராவது வந்துவிடுமோ என்று. அர்த்தமே இல்லாமல் ஒரு சத்தம் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. நீங்கள் இணையத்தில் பார்த்த துண்டுக்கு அடுத்த காட்சியைத் தேடிக் கேளுங்கள். டீ ஆற்றுகிற மாதிரி இருக்கும். அது நான்.

சயா கடைசிவரை என்னைத் திட்டவில்லை. வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். அதற்கும் விடவில்லை.

அண்ணன் வெளியே வந்தபோது படம் ஓடி முடிந்து ஊரே அந்த மெட்டைச் சீட்டியடித்துக்கொண்டிருந்தது. யார் வாசித்தது என்று யாருக்கும் தெரியாது. தாகேதாவில் அக்கம்பக்கம் பேச்சை நிறுத்திவிட்டது. குடும்பத்தோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவுக்குப் போய்விட்டார். அங்கே சைக்கா, அதாவது சைக்கிள் ரிக்‌ஷா, மிதித்தார். படகுத்துறையிலிருந்து ஆட்களை ஏற்றிப் போவார். ஏறுகிறவர்களில் ஒருவராவது அவர் மெட்டைச் சீட்டியடிப்பாராம். இதை எனக்குச் சொன்னது அக்கா. "அவரு அந்த நேரம் பெடல மெதுவா மிதிப்பாரு" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கிட்டாரை அவர் மறுபடி தொடவில்லை. விரல் நுனி மெத்தென்று ஆகிவிட்டது, கம்பி அறுக்கிறது என்றாராம். அது இரண்டு மாதத்தில் சரியாகிற விஷயம். எல்லோருக்கும் தெரியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வெட்டி மிச்சமான டேப் துண்டுகளை நாங்கள் ஆணியில் தொங்கவிடுவோம். அவர்கள் ஸ்பூல்களை எடுத்தார்கள், ஆணியைப் பார்க்கவில்லை. அந்த மோர்ஸின் வால் ஆறடி அதில் கிடந்தது. சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முருகன் படத்துச் சட்டத்துக்குப் பின்னால் வைத்தேன். வருடக்கணக்கில் அங்கேயே இருந்தது. அதை எரிக்கவும் தைரியம் இல்லை, கேட்கவும் தைரியம் இல்லை.

என் மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகு, தன்லியினில் ஒரு பெரியவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். கப்பலில் தந்தி பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய டேப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் பாலம் தாண்டிப் போனேன். எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சில பேருக்கு அந்த நாகரிகம் இருக்கிறது. பத்து வினாடிகூட இல்லாத துண்டு. இரண்டு தடவை போடச் சொன்னார்.

"தென்மேற்குக் காத்து," என்றார். "அப்பறம் மழை. அவ்வளவுதாம்மா. இது வானிலை. கப்பலுக்கெல்லாம் சாயங்காலம் சொல்லுறது."

நான் டாலாவுக்குப் படகேறினேன். அண்ணனை நேரில் பார்ப்பது அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. படகுத்துறை நிழலில் சைக்காவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முடி நரைத்துவிட்டது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். "ஏறு" என்றார். நான் ஏறவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். தென்மேற்குக் காற்று, மழை என்று.

அவர் ஆற்றுப் பக்கம் திரும்பினார்.

"பெஞ்சுச்சா?"

"என்ன அண்ணே?"

"மழை. அன்னிக்குப் பெஞ்சுச்சா?"

"ஞாபகம் இல்ல அண்ணே."

"எனக்கும் இல்ல," என்றார். "உள்ள அவங்க அதையே கேட்டுக்கிட்டு இருந்தாங்க. இது என்ன, இது என்னன்னு. தெரிஞ்சிருந்தா சொல்லிருப்பேன்."

நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. நான் முடிக்கிற வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "லெச்சுமி, ஒண்ணு மட்டும் செய். இனிமே எம் பேர யாருகிட்டயும் சொல்லாத. கெட்டதுக்கு மட்டும் இல்ல, நல்லதுக்கும் சொல்லாத."

"நல்லதுக்குச் சொன்னா என்ன அண்ணே?"

"ஒனக்கு அன்னிக்கு அது நல்லதாத்தானே தெரிஞ்சுது?"

 ஆள் வந்தது, ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

சுமதி, நீயும் நல்லதுக்குத்தான் கேட்கிறாய். தெரியும். டைட்டிலில் முதல் பெயராகப் போடுவாய். பத்தாயிரம் பேர் பார்ப்பார்கள். யார் அவர், எங்கே இருக்கிறார், வீடு எங்கே, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று எழுதுவார்கள். ஒருவன் போனைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குப் போவான். எல்லோரும் மரியாதையாகத்தான் கேட்பார்கள். இன்று இந்த ஊரில் எத்தனை வீடுகளில் வாசலுக்கு வரக்கூடாத ஆள் உள்ளே ஒளிந்திருக்கிறார் என்று உனக்கே தெரியும். உன் தெருவிலேயே தெரியும். பாலத்தில் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்தி உன் போனை வாங்கிப் பார்ப்பார்கள் என்று எதை எதை அழித்துவிட்டுப் போகிறாய் என்று எனக்கும் தெரியும். நீங்கள் என்னைவிடக் கவனமான பிள்ளைகள்தான். ஆனால் வேலை நன்றாக வந்துவிட்டால் வாய் திறந்துகொள்ளும். பயந்து சொன்னவர்களைவிடப் பெருமைப்பட்டுச் சொன்னவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இதையும் எங்காவது அச்சில் போடுவீர்கள். அதனால் சொல்லிவிடுகிறேன். தாகேதா என்று எழுதினேன், தாகேதா இல்லை. டாலாவும் இல்லை. அவர் மிதித்தது சைக்காவும் இல்லை. பட்டறை இல்லை. தன்லியின் பெரியவர் தன்லியினில் இல்லை. மழையும் கிட்டாரும் நான் அன்று பெயரைச் சொன்னதும் உண்மை. அவர் இருக்கிறாரா போய்விட்டாரா என்பதையும் கேட்காதீர்கள். அதுவும் ஒரு வார்டு நம்பர் மாதிரிதான்.

அந்த இரண்டு நிமிடத்தை உங்கள் தொடரில் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கிடங்கில் போகிறவன் திரும்பிப் பார்க்கும் இடத்தில் சத்தம் நின்றுபோகும். ஏதாவது போட்டு நிரப்பிவிடாதீர்கள். யாராவது வந்து, நல்ல மனதோடு, சிரித்த முகமாக, இதை வாசித்தது யார் என்று கேட்டால் உங்களுக்கு உண்மையிலேயே தெரியாது. என்னைக் காட்டுங்கள். வரட்டும்.

கரண்டி என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.